போஸ்டுக்கு வழக்கு வந்தால், முதலில் பிரிவு எண்ணைப் படியுங்கள்

தேசத்துரோகச் சட்டம் ஒழிந்துவிட்டது என்று 2024 ஜூலையில் பலர் நம்பினார்கள். ஒழிந்தது எண்தான். 1870-ல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குள் நுழைந்த 124ஏ, 1908-ல் திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்த பிரிவு. 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது அந்த நாற்காலியில் 152 வந்து உட்கார்ந்தது. பழைய பிரிவில் 3 ஆண்டு வரை அல்லது ஆயுள்; புதியதில் 7 ஆண்டு வரை அல்லது ஆயுள். மின்னணுத் தகவலும் பணமும் வாசகத்திலேயே சேர்ந்துவிட்டன.

இன்னொன்று. 124ஏ கேட்டது அரசின் மீதான வெறுப்பைத்தான், தேசத்தின் மீதானதை அல்ல. ஆனாலும் நம் பத்திரிகைகள் "தேசத்துரோகம்" என்றே எழுதிப் பழகிவிட்டன. குற்றம் சாட்டுபவரின் பாதி வேலை அந்தச் சொல்லிலேயே முடிந்துவிடும்.

அரசை விமர்சித்தவர்கள் மீது நடைமுறையில் விழும் எண்கள் ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் சொன்னது சரியா தவறா என்பது கடைசியில் வரும் கேள்வி. எத்தனை நாள் உள்ளே இருப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்வது எண்.

ஸ்டேஷனிலிருந்து போன்

முதல் தகவல் பெரும்பாலும் காகிதத்தில் வருவதில்லை. "ஒரு சின்ன என்கொயரி, நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க" என்று போன் வரும். மறுக்கவும் வேண்டாம், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். பேசுபவரின் பெயர், பதவி, ஸ்டேஷன் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குப் பதிவாகிவிட்டதா, குற்ற எண் என்ன, இல்லை இன்னும் மனு நிலையில் சி.எஸ்.ஆர். எனும் புகார் ரசீதுதான் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள்.

நோட்டீஸ் வந்ததும் அதன் தலைப்பில் உள்ள பிரிவைப் பாருங்கள். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) என்றிருந்தால் நீங்கள் சந்தேகத்துக்கு உள்ளானவர். சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைக்கும்வரை, காரணம் எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் விட்டால், கைதுக்கான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த நாளில் முடியாதென்றால் வேறு தேதி கேட்டுப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்பி ரசீதை வையுங்கள்.

179 என்றிருந்தால் நீங்கள் சாட்சி. பெண்கள், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். மற்றவர்களையும் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ பக்கத்து ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருந்தால்தான் 179-ல் அழைக்கலாம். சென்னையில் இருப்பவரைத் தூத்துக்குடிக்கு இந்தப் பிரிவில் கூப்பிட முடியாது. 94 என்றிருந்தால் ஆவணமோ கருவியோ கேட்கிறார்கள்.

35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நோட்டீஸை முறையாகச் சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அதற்காக நீல டிக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. "ஒத்துழைக்கத் தயார், நோட்டீஸை முறைப்படி தரவும்" என்று வக்கீல் மூலம் ஒரு வரி போதும்.

ஸ்டேஷனில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சுரக்ஷா சன்ஹிதாவின் 181 அதைத் தடுக்கிறது. அதிகம் கவனிக்க வேண்டியது மன்னிப்புக் கடிதம். "தெரியாம போட்டுட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க, முடிச்சிடறோம்" என்று ஸ்டேஷனில் எழுத்துவேலை பார்க்கும் ரைட்டர் வெள்ளைத்தாளை நீட்டுவார். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்பது சட்டம். ஆனால் அந்தத் தாள் ஜாமீன் மனுவுக்கான ஆட்சேபணையில் வந்து நிற்கும், மறுநாள் பேப்பரிலும் வரும். எழுதாதீர்கள்.

பதிவை அழிக்கவும் வேண்டாம். சாட்சியமாகக் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்காமல் போகட்டும் என்று அழிப்பது நியாய சன்ஹிதா 241-ன்படி 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். அதோடு அது உங்களுக்கே நஷ்டம். நீதிமன்றம் ஒற்றை வரியை அல்ல, முழுப் பேச்சையும் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் வாதமாக இருக்கப்போகிறது. இணைப்பு, தேதி, நேரம், முந்தைய பதிவு, கீழே வந்த பின்னூட்டம் எல்லாவற்றையும் சேமியுங்கள். மேடைப் பேச்சென்றால் வெட்டாத வீடியோ எவரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே தேடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கிடைக்காது.

போனைப் பறிமுதல் செய்தால் மகஜர் எனும் பறிமுதல் பட்டியலின் நகல் கேளுங்கள். அதில் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண், எடுத்த நேரம் இருக்க வேண்டும். சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி சோதனையும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும். உங்கள் முன்னால் அணைத்து, உறையிலிட்டு முத்திரை வைக்கச் சொல்லுங்கள். ஹேஷ் மதிப்பு (போனில் உள்ள தரவின் கைரேகை போன்ற எண்) குறிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். பின்னால் போனுக்குள் புதிதாக ஏதாவது முளைத்தால் பிடிக்க அந்த எண்தான் கைப்பிடி.

"நான் ஃபார்வேர்டுதான் பண்ணினேன்" என்பதை நம்பி உட்கார வேண்டாம். பகிர்ந்தவரும் பொறுப்பு என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் அட்மினுக்கு நிலைமை கொஞ்சம் மேல்: உறுப்பினர் போட்ட பதிவுக்கு, வேறு பங்கில்லாமல், அட்மின் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது என்று மதுரைக் கிளை 2021-ல் தீர்ப்பளித்தது.

எஃப்.ஐ.ஆரை எப்படிப் படிப்பது

முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பாலியல் குற்றம், பயங்கரவாதம், கிளர்ச்சி போன்றவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. அந்தக் கூடைக்குள் 152 வழக்கையும் தூக்கிப் போட்டுவிடுவது எளிது. ஏற்றவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள்; அவர் 3 அதிகாரிகள் கொண்ட குழுவை வைத்து 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இன்னொரு வழி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நகல் கேட்பது. அங்கே 2 வேலை நாள்.

நகல் கையில் கிடைத்ததும் எல்லோரும் புகார்க் கதையைப் படிக்கத் தாவுவார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் 2-ஆம் பத்தி: சட்டமும் பிரிவும். அடுத்து 3: சம்பவம் நடந்த நேரம், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், பொது நாட்குறிப்பு எண். 6: புகார்தாரர் யார்? பதிவைப் பார்த்துக் கொதித்த பொதுமகனா, கட்சிக்காரரா, ரோந்துப் பணியில் இருந்த எஸ்.ஐ.யா? 8: தாமதத்துக்குக் காரணம். மூன்று மாதம் முன்பு போட்ட பதிவுக்கு இன்று புகார் என்றால், அந்த மூன்று மாதத்தில் அந்தப் பதிவால் எங்கும் ஒரு கல்கூட விழவில்லை என்பது உங்கள் வாதம். கடைசியில் 15: அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும். கைது மாலை 6 மணிக்கு, பதிவு மறுநாள் காலை என்று நேரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் இங்கேதான் தெரியும்.

ஒரே பதிவுக்கு ஐந்து ஊரில் ஐந்து வழக்கு போடுவதும் உண்டு. ஒரே சம்பவத்துக்கு அடுத்தடுத்து எஃப்.ஐ.ஆர். கூடாது என்பது 2001 முதல் நிலைத்த சட்டம். ஒன்றைத் தவிர மற்றதை ரத்து செய்யவோ ஒன்றாகச் சேர்க்கவோ கேட்கலாம். வழக்கு வேறு மாநிலத்தில் என்றால், அங்கே போய்ச் சேரும்வரை பாதுகாப்புக்கு இங்கேயே இடைக்கால முன்ஜாமீன் கேட்க 2023 தீர்ப்பு வழிவிடுகிறது.

எண்களும் கடிகாரங்களும்

இலேசானதிலிருந்து தொடங்கலாம். போராட்டத்துக்குப் போனவர்கள் மீது வழக்கமாக விழுவது நியாய சன்ஹிதாவின் 189, 223. சட்டவிரோதக் கூடுகை, அரசு ஊழியர் உத்தரவை மீறியது. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. 223-க்கு ஒரு பூட்டு இருக்கிறது: அந்த அதிகாரியே எழுத்தில் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை வழக்காக ஏற்றுக் கோப்பில் எடுக்க முடியும். பழைய தண்டனைச் சட்டத்தின் 188-ஐ வைத்து போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் தீர்ப்பளித்தது. 223 அதே பிரிவின் புது எண். காலவரம்பையும் பாருங்கள். 1 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை 1 ஆண்டுக்குப் பிறகும், 3 ஆண்டு வரை உள்ளதை 3 ஆண்டுக்குப் பிறகும் நீதிமன்றம் எடுக்க முடியாது. மண்டபத்தில் அடைத்து மாலையில் விடும்போது பெயர், விலாசம், செல் எண் எழுதிக்கொள்வார்களே, அந்தப் பட்டியல் பல மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையாக வரும். தேதியை எண்ணுங்கள்.

அடுத்த படி 196, 353. பிரிவினருக்கிடையே பகை மூட்டுதல், கலவரத்துக்கு வழிவகுக்கும் கூற்று. 3 ஆண்டு வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாதவை. இங்கே ஒரு நல்ல கருவி இருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தி, முகாந்திரம் உண்டா என்று பார்க்க சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது. பேச்சு சம்பந்தப்பட்ட வழக்குகளில் அதைச் செய்வதே எப்போதும் பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் சொன்னது. சொற்களை எடைபோடுவது உறுதியான மனமுள்ளவரின் அளவுகோலால் இருக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் புண்படுகிறவரின் அளவுகோலால் அல்ல என்றும் அதில் இருக்கிறது. முன்ஜாமீன் மனுவில் இதைத் தவறாமல் காட்டுங்கள்.

இப்போது 152. முழு விசாரணையில் இது நிற்பது கடினம். பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை போன்றவற்றைத் தூண்டியிருக்க வேண்டும், அதுவும் தெரிந்தோ வேண்டுமென்றோ. வன்முறைக்குத் தூண்டினாலோ பொது அமைதியைக் குலைக்கும் நோக்கமிருந்தாலோதான் 124ஏ பொருந்தும் என்று 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் வரையறுத்தார்கள். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகரில் இருவர் இரண்டொரு முறை காலிஸ்தான் கோஷம் போட்டதைக்கூட, யாரும் அசையவில்லை என்பதால், குற்றமல்ல என்று 1995-ல் பல்வந்த் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் விடுதலை செய்தது. 152 என்பது கேடயம், வாள் அல்ல என்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது.

நிற்காது என்று தெரிந்தும் ஏன் சேர்க்கிறார்கள்? கடிகாரம் மாறுகிறது, அதனால்தான். 196 மட்டும் இருந்தால் 14 நாள் முதற்கட்ட விசாரணை கேட்கலாம். கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணப் பட்டியல் எழுத வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்; தவறினால் கட்டாய ஜாமீன் உங்கள் உரிமை. பக்கத்தில் 152-ஐ எழுதினால் ஆயுள் வரை தண்டனை என்பதால் இந்த மூன்றும் போய்விடுகின்றன. 60 நாள் 90 ஆகிறது. எனவே ஜாமீன் மனுவின் முதல் பத்தியே, புகாரை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் 152-ன் உறுப்புகள் அதில் இல்லை என்பதாக இருக்க வேண்டும். வக்கீல் வேறெங்காவது தொடங்கினால் கேள்வி கேளுங்கள்.

152, 196, 353(1) ஆகியவற்றை நீதிமன்றம் கோப்பில் எடுக்க மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அது சுரக்ஷா சன்ஹிதாவின் 217-ல் இருக்கிறது. இந்த அனுமதி கைதுக்குத் தேவையில்லை. அனுமதி இல்லாமல் தாக்கலான குற்றப்பத்திரிகை அரைகுறை என்று சொல்லிக் கட்டாய ஜாமீன் கேட்டுப் பலர் தோற்றிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2023-ல் அந்த வாதத்தை மூடிவிட்டது.

கைதும் நாள் கணக்கும்

கைதானால் காரணத்தை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அந்த நேரத்தில் முடியாவிட்டால், மாஜிஸ்திரேட் காவலுக்கு அனுப்பும் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் எல்லா வழக்குகளுக்கும் பொதுவாக்கியது. நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே நிற்கும் அந்தச் சில நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்கு உண்மையில் பிடித்தார்கள், அடித்தார்களா, காரணம் எழுத்தில் வந்ததா. பேசாமல் தலையாட்டினால் "புகார் எதுவும் இல்லை" என்று பதிவாகும். வக்கீல் இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.

கட்டாய ஜாமீன் கணக்கை வீட்டில் ஒருவர் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும். எண்ணத் தொடங்குவது கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்டு செய்த நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 ரிமாண்டு என்றால் 60-ஆவது நாள் ஏப்ரல் 29, 90-ஆவது நாள் மே 29. அதுவரை குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் மறுநாள் காலை நீதிமன்றம் திறந்ததும் மனு போட வேண்டும். மதியம் என்று தள்ளிவைத்து, 11 மணிக்குக் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போச்சு. மனு முந்திவிட்டால், பின்னால் வரும் குற்றப்பத்திரிகையால் அதைத் தட்ட முடியாது.

ஜாமீன் கிடைத்தாலும் இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுடைய அடையாள, சொத்து ஆவணம், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனைகள் வரும். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். ஒழுங்காகச் சில வாரம் போட்டுவிட்டுத் தளர்வு மனு போடுங்கள்.

உபா

உபா என்பது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். இதில் முன்ஜாமீன் கிடையாது. காவல் 90-லிருந்து 180 நாள் வரை நீளலாம். ஆனால் அதற்கு அரசு வக்கீலின் அறிக்கை வேண்டும், நீட்டிக்கும்போது நீங்கள் நேரிலோ காணொலியிலோ முன்னிலையில் இருக்க வேண்டும். ஜாமீனுக்கான பெரிய தடை 43டி(5). பலர் தவறவிடும் விஷயம், அந்தத் தடை 4, 6 ஆகிய அத்தியாயங்களின் குற்றங்களுக்கு மட்டும்தான். பேச்சுக்காகப் போடப்படும் 13-ஆம் பிரிவு 3-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. 13 மட்டும் என்றால் சாதாரண ஜாமீன் அளவுகோலே போதும்.

குண்டாஸ்

ஜாமீன் கிடைக்கப்போகிறது என்ற வாசனை அடித்ததும் வருவது இது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் தடுப்புக் காவல்: குண்டாஸ் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், அல்லது தேசிய பாதுகாப்புச் சட்டம். 2017 மே மாதம் மெரினாவில் ஈழத் தமிழருக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி உள்ளிட்ட 4 பேர் மீது குண்டாஸ் போடப்பட்டது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. இடையில் போன மாதங்களுக்கு யாரும் கணக்கு சொல்லவில்லை.

இங்கே விசாரணை கிடையாது, காகிதம்தான் எல்லாம். காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணமும் ஆவணத் தொகுப்பும் கையில் வர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் காவல் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புதல், 7 வாரத்துக்குள் கழகத்தின் அறிக்கை. அதிகபட்சம் 12 மாதம். கழகத்தின் முன் வக்கீல் வைக்க உரிமை இல்லை.

தொகுப்பு வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எந்தப் பக்கம் மங்கலாக இருக்கிறது, எந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை, எந்தத் தேதி முரண்படுகிறது என்று பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். "ஜாமீனில் வெளிவர வாய்ப்புள்ளது" என்று ஆட்சியரோ ஆணையரோ எழுதியிருப்பார். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அப்படி எழுதியிருந்தால் உத்தரவு நிற்காது என்பது 2011 ரேகா வழக்கு. அடுத்த நாளே முறையீட்டு மனுவை உத்தரவிட்ட அதிகாரிக்கும் அரசுக்கும் தனித்தனியே அனுப்புங்கள், தேசிய பாதுகாப்புச் சட்டம் என்றால் மத்திய அரசுக்கும். அதைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம் இருந்தாலே ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு உடைந்திருக்கிறது. அரசு எத்தனை நாள் கோப்பைத் தூங்கவைத்தது என்ற அட்டவணை, பேச்சுரிமை பற்றிய பத்துப் பக்க வாதத்தைவிட அதிகம் பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறது.

வழக்கு முடிந்ததா?

அரசு "வழக்குகள் வாபஸ்" என்று அறிவித்தால் முடிந்ததாக எண்ண வேண்டாம். அரசு வக்கீல் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-ன்கீழ் மனு போட்டு, நீதிமன்றம் சம்மதித்தால்தான் முடியும். கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு உச்ச நீதிமன்றமே 2013-ல் மாநில அரசிடம் சொன்னது. அதன் பிறகும் இடிந்தகரை மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கி வையுங்கள். ஒன்று ஸ்டேஷனுக்கு, பதிவேட்டில் குறிக்கச் சொல்லி. இன்னொன்று பறிமுதலான போனைத் திரும்பக் கேட்கும் மனுவோடு. மூன்றாவது பாஸ்போர்ட்டுக்கு. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து, நீதிமன்றம் இன்னும் கோப்பில் எடுக்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டை மறுக்க அது போதாது. கோப்பில் எடுத்துவிட்டால், அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவோடுதான் விண்ணப்பிக்க முடியும். அதில் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வாங்க மறந்தால் 1 ஆண்டுக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள்.